ரிசர்வ் சைட்டில் ஒரு த்ரோபால் அணி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். சூலூரைத் தாண்டி, தறிச் சத்தம் ஓயாத ஒரு ரோடு. ரோட்டுக்கு ஒரு பக்கம் லேஅவுட், மறு பக்கம் எங்கள் காலனி. லேஅவுட்டின் நடுவில், பூங்கா கட்டுவதற்கென்று ஒதுக்கி, பூங்கா வராமலே போன ரிசர்வ் சைட். அங்கே நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கும் பெண்கள் ஒரு கூட்டம். டிராக் பேண்ட் மாட்டிக்கொண்டு த்ரோபால் ஆடும் பெண்கள் இன்னொரு கூட்டம். அவுட்டா இல்லையா என்று சண்டை பிடிப்பதில் மட்டும் இரண்டு கூட்டமும் ஒன்று. எங்கள் அணியின் பனியன் கத்தரிப்பூ நிறம். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நான். கண்ணைக் குத்துகிறது என்று குறை சொன்னவர்கள் எல்லோரும் இப்போது கடைக்குப் போகும்போதுகூட அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

காலனியில் ஒரு சாவு என்றால் இப்போது லேஅவுட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிடுகின்றன. லேஅவுட்டில் யாருக்காவது மயக்கம் வந்தால் முதல் போன் எனக்கு. நான் பீளமேட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களை அவர்கள் வீட்டு ஹாலிலேயே நின்று திட்டிவிட்டு வருகிறேன். திட்டு வாங்கிக்கொண்டு காப்பியும் கொடுக்கிறார்கள். ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால் இப்படி நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களுக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்திருப்பேன். இத்தனைக்கும் ஆரம்பம் ஒரு பந்துதான்.

லேஅவுட் வருவதற்கு முன்னால் அந்த இடம் பருத்திக்காடு. என் அம்மா அதில்தான் களை வெட்டினார், பருத்தி எடுத்தார். காட்டுக்குச் சொந்தக்காரர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நிலத்தை மனை பிரித்து விற்றுவிட்டு, நூல் கம்பெனி ஒன்றில் பங்கு போட்டுவிட்டு, லேஅவுட்டின் ஓரத்தில் பழைய தோட்டத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். அந்த வீட்டு மருமகளுக்கு என் வயதுதான். அம்மா அவரைச் சின்னம்மணி என்பார். அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாததால் கூப்பிடாமலே இருந்தார். எதிரில் பார்த்தால் ஒரு சிரிப்பு, அதோடு சரி.

லேஅவுட்டில் வாடகைக்குக் குடியிருந்த ஒரு பெண், ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவள், தினமும் என்னோடு பஸ்ஸில் வருவாள். சிங்காநல்லூரில் இறங்கி மாறுகிற இடத்தில் இருவரும் ஒன்றாகத்தான் ஓடுவோம். ஒரு நாள் ஓடிப்போய் சீட் பிடித்து உட்கார்ந்த பிறகு விஷயத்தைச் சொன்னாள். பொங்கலுக்குச் சுற்றுவட்டாரப் பெண்களுக்கு த்ரோபால் போட்டி வைக்கிறார்களாம், எங்கள் ரிசர்வ் சைட்டில்தானாம். இடம் கொடுக்கிற ஊருக்கே அணி இல்லாவிட்டால் அசிங்கமாம். ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள், ஏழாவது ஆள் கிடைக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் ஆடினவள் என்று என்றைக்கோ அவளிடம் பீற்றியிருக்கிறேன்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆள் குறைந்தால்தான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் மனுஷர்கள் இருப்பது ஞாபகம் வருமா என்று கேட்டுவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் மழுப்பியிருப்பார்கள். அவள் மழுப்பவில்லை.

“ஆமாங்க சிஸ்டர், ஆள் கொறையுது. அதனாலதான் கேக்கறேன். ஆனா நீங்க வந்துட்டா அப்புறம் கொறையாது.”

அந்த நேர்மைக்காகவே ஒப்புக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பந்து பொறுக்கிப் போடுகிற மூலையில் என்னை நிறுத்தக்கூடாது, நடுவில்தான் நிற்பேன் என்றேன். அவளும் சரி என்றாள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னதும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். சின்னம்மணியும் ஆடுகிறாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அவிய பக்கத்துல போய் நிக்கோணுமா கண்ணு? மேல கீழ பட்டுச்சுன்னா?” என்றார். பட்டால் பட்டதுதான், விளையாட்டு அப்படித்தான் என்று எகிறினேன். அம்மா முறத்தை மறுபடி எடுத்துப் புடைக்க ஆரம்பித்தார்.

த்ரோபால் பெரிய வித்தை இல்லை. வலைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் பந்தை இரண்டு கையாலும் பிடித்து உடனே திருப்பி எறிய வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் தப்பு. ஒருவர்தான் எடுக்க வேண்டும். அங்கேதான் எங்கள் ஊர் மாட்டிக்கொண்டது. பந்து இருவருக்கு நடுவில் வரும். இவர் அவரைப் பார்ப்பார், நீங்க எடுங்க என்பார். அவர், பரவால்லைங்க, நீங்க எடுங்க என்பார். இரண்டு பேரின் பண்புக்கும் நடுவில் பந்து தொப்பென்று விழும். அப்புறம் இருவரும் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். பயிற்சிக்காக ஆட வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எங்களை ஒரு செட்டில் மூன்று பாயிண்டுக்கு மேல் எடுக்கவிடவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தாமல் இருப்பது அழகு, ஆட்டத்தில் அது வேலைக்கு ஆகுமா?

ஐடி பெண் ஒரு விதி போட்டாள். யார் எடுக்கிறார்களோ அவர் முதலில் ‘எனக்கு’ என்று கத்த வேண்டும். கத்திவிட்டால் மற்றவர்கள் விலகிவிட வேண்டும். எல்லோருக்கும் கூச்சம். ஆளாளுக்கு முனகினார்கள். அதுவும் சூலூர் விமானப்படை நிலையத்து விமானம் ஒன்று தலைக்கு மேல் போனால் சுத்தமாக ஒன்றும் கேட்காது. ஒரே ஒருவருக்குத்தான் அந்த விதி பிடித்துப்போனது. தோட்டத்து வீட்டு மருமகள் வாயைத் திறந்து கத்த ஆரம்பித்தார். தன் இடத்துக்கு வரும் பந்துக்கும் ‘எனக்கு’, என் இடத்துக்கு வரும் பந்துக்கும் ‘எனக்கு’. கத்திக்கொண்டு ஓடி வந்து பாதிப் பந்தைத் தவறவிடுவார்.

அப்போது நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு தடவையும் பின்னால் நகர்ந்தேன்.

வேண்டுமென்று நகரவில்லை. டாக்டரிடம் எதிர்த்துப் பேசுகிறவள், பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டரை விடாமல் பிடிக்கிறவள் நான். அந்தக் குரல் பக்கத்தில் கேட்டதும் என் கால் மட்டும் தானாக ஒரு எட்டுப் பின்னால் போனது. சின்ன வயதில் காட்டுக்கு நடுவே, இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரித் தடத்தில் போகும்போது தோட்டத்துக்காரர்கள் எதிரில் வந்தால் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வேலியோடு ஒட்டி நின்றுவிடுவார். அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்த நானும் சேர்ந்து ஒதுங்குவேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உடம்பு அதைக் கற்றுக்கொண்டு, நான் படித்து, சம்பாதித்து, வீட்டுக்கு டைல்ஸ் போட்ட பிறகும் மறக்காமல் வைத்திருந்தது. மற்றவர்கள், சிஸ்டருக்கு நெம்ப மரியாதை என்று பாராட்டினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கோப்பை வந்தால் வரட்டும், போனால் போகட்டும். அந்த மருமகள் ‘எனக்கு’ என்று கத்தும்போது என் கால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

போட்டியன்று ரிசர்வ் சைட்டில் கால் வைக்க இடமில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். அம்மா வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு, இங்கேயே நன்றாகத் தெரிகிறது என்று ரோட்டோரமாக நின்றுகொண்டார். சின்னம்மணியின் மேல் நான் மோதிவிடக்கூடாது என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

இரண்டு ஆட்டங்களில் எப்படியோ ஜெயித்து, கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே பல்லடத்து அணி. தறி ஓட்டுகிற, கோழிப்பண்ணையில் மூட்டை தூக்குகிற பெண்கள். பந்தை எறிந்தால் பிடிக்கிற கை எரியும். ஆளுக்கொரு செட் எடுத்து, மூன்றாவது செட்டில் இழுத்துக்கொண்டே போனது. எங்களுக்கு இன்னும் ஒரு பாயிண்ட் வந்தால் கோப்பை. அவர்களுக்கும் அப்படித்தான்.

அவர்கள் பந்தை உயரமாக எறிந்தார்கள். அது வெயிலில் ஏறி, வலையைத் தாண்டி, எனக்கும் தோட்டத்து வீட்டு மருமகளுக்கும் நடுவில் இறங்கியது. கொஞ்சம் என் பக்கம். “எனக்கு” என்று அவர் கத்தினார். கத்திக்கொண்டே ஓடி வருவது தெரிந்தது. என் வலது கால் தரையை விட்டு எழும்பியது. அது பின்னால் போகத்தான் எழும்பியது, சத்தியமாகச் சொல்கிறேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, என் தொண்டையிலிருந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சருக்கு வழி கேட்கிற அந்தக் குரல் வந்தது.

“எனக்கு!”

கால் முன்னால் விழுந்தது. பந்து என் கையில் இருந்தது. அவர் என் தோளில் வந்து மோதி மண்ணில் விழுந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லடத்து அணியின் பின்மூலை காலியாகக் கிடந்தது, அங்கே எறிந்தேன். பந்து கோட்டுக்குள் விழுந்தது. விசில் அடித்தார்கள்.

கூட்டம் கத்துவதற்கு முன்னால் ஒரு கணம் ஊரே அடங்கிப்போனது. தோட்டத்து வீட்டு மருமகள் மண்ணில் கிடக்கிறார், தள்ளியவள் காலனிக்காரி. ரோட்டோரத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். விழுந்த மருமகள் எழுந்து உட்கார்ந்து, முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். தோல் உரிந்திருந்தது.

“அது எனக்கு வந்த பந்துங்க” என்றார்.

“வந்துச்சுங்க. ஆனா நீங்க உட்டிருப்பீங்க” என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். சொன்னதை மாற்றுகிற எண்ணம் எனக்கு இல்லை. அவர் ஒரு மாதிரி யோசித்துவிட்டு, உட்டிருப்பேன்தான் என்று ஒப்புக்கொண்டார். “கை குடுங்க சிஸ்டர்” என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். அதற்கப்புறம்தான் கூட்டம் கத்தியது. ஐடி பெண் அழுதே விட்டாள். நான் அந்த மருமகளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் முழங்கையைக் கழுவிவிட்டேன். எரிகிறது எரிகிறது என்று அவர் தெலுங்கில் புலம்பினார். சின்னப் பிள்ளை மாதிரி பண்ணாதீர்கள் என்று அதட்டினேன்.

கோப்பையோடு போட்டோ எடுத்து முடித்து நான் ரோட்டுக்கு வந்தபோது அம்மா தனியாக நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பதிலுக்குப் பேச மனதுக்குள் நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். ரோட்டைத் தாண்டி எங்கள் வீதிக்குள் நுழைந்த பிறகு, அவர் என் பனியனில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

“அந்தக் காட்டுல எத்தனையோ வருசம் குனிஞ்சே கெடந்தேன். எனக்குன்னு ஒரு வார்த்தை என்ற வாயில வந்ததில்ல கண்ணு. இன்னைக்கு நீ போட்ட சத்தம் தோட்டத்து ஊடு வரைக்கும் கேட்டிருக்கும்” என்றார்.

பயந்துவிட்டாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

“கேக்கட்டும்” என்றார்.