உப்பு நேர்ச்சையும் ஒரு பழைய மாத்திரையும்

அன்றைக்கு ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன். என் கணவர் சேவியர் தட்டில் போட்ட சோறு முழுவதையும் தின்று, கை கழுவிக்கொண்டு எழுந்து போனார். பிறகு நான் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தவுடன் துப்பினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டைத் தள்ளிவைத்து, "இன்னா பிலோ, கடலாண்ட குடியிருந்துக்கினு உப்புக்கு இன்னா பஞ்சம்?" என்று கேட்கிற மனுஷன் அவர். அந்த மனுஷனுக்கு ரசத்தில் உப்பில்லாதது தெரியவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பங்கு மக்களே, நான் பிலோமினா. மயிலாப்பூரில் நம் கோவிலுக்குப் பின்தெருவில் இருக்கிறோம். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். சேவியர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். எனக்குப் பொறுமை கிடையாது, அது உங்களுக்கே தெரியும். பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் முதலில் கடிகாரம் பார்க்கிறவள் நான்தான். ஆகையால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற நம் அன்பியத்தில் சாட்சி சொல்லச் சொல்லிப் பல தடவை கேட்டார்கள். மாட்டேன் என்று தட்டிக்கழித்தேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆண்டவருக்கு அடுக்காது.

சேவியருக்கு வந்தது மனச்சோர்வு. நாமெல்லாம் சோகம், கவலை என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, அது இல்லை. அவர் அழவில்லை. படுத்துக் கிடக்கவும் இல்லை. உட்கார முடியாமல் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருப்பார். காலையில் சாப்பாட்டுப் பையோடு வேலைக்குக் கிளம்புவார். ஒரு நாள் பட்டறை முதலாளி எனக்குப் போன் போட்டு, சேவியர் ஒரு வாரமாக வரவில்லையே என்றார். பிறகுதான் தெரிந்தது. பாதி வழியில் சைதாப்பேட்டையில் இறங்கி, மார்க்கெட்டைச் சுற்றிச் சுற்றி நடந்து, சாயங்காலம் அதே பையோடு வீடு திரும்பியிருக்கிறார். சோறு அப்படியே இருந்தது. ஏன் இப்படிப் பண்ணினீர்கள் என்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "நான் இல்லாங்காட்டி நீ நிம்மதியா இருப்ப பிலோ" என்றார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போதும் என் காது போனிலேயே இருந்தது.

தி.நகரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். நல்ல டாக்டரம்மா. ஒரு மாத்திரை கொடுத்தார், பல வாரம் சாப்பிட்டும் அசைவில்லை. வேறு மாத்திரை மாற்றினார், தூக்கம் வந்தது, மனுஷன் வரவில்லை. அப்புறம் அவர் சொன்னார்: சிலருக்கு இந்த நோய் இப்படித்தான், சரியான அளவில் கொடுத்தாலும் வழக்கமான மருந்துக்கு மசியாது, மூக்கில் அடிக்கிற புது மருந்து ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்கலாம் என்று. விலையைக் கேட்டதும் எனக்குத் தலை கிறுகிறுத்தது. ஆனால் டீச்சர் இல்லையா, கௌரவம் விடுமா? "சரிங்க டாக்டர், பாக்குறோம்" என்று சிரித்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப்புக்கு வரும் வரைக்கும் அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஆரம்பித்தது என் ஜெபம். சனிக்கிழமை தவறாமல் பெசன்ட் நகர் மாதா கோவிலுக்கு ஓடினேன். எல்லாரும் அமைதியாக முழந்தாளில் நிற்பார்கள், எனக்கு அது வராது. கோவிலுக்கும் கடற்கரைக்கும் நடந்துகொண்டே ஜெபிப்பேன். கேட்டது ஒன்றே ஒன்று, அந்த மருந்துக்குப் பணம். ஒரு சனிக்கிழமை எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. உமக்குக் காது கேட்கிறதா இல்லையா, எத்தனை தடவை சொல்வது, இன்னும் யாரிடம் போய்ச் சொல்வது என்று ஆண்டவரிடமே சண்டை பிடித்தேன். குரல் ஒன்றும் கேட்கவில்லை, ஒளி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நானே கேட்ட கேள்வி என்னையே திருப்பிக் கேட்டது. யாரிடம் சொன்னாய்? மாதாவிடம் சொன்னேன், அந்தோணியாரிடம் சொன்னேன், சொல்ல வேண்டிய டாக்டரிடம் மட்டும் சொல்லவே இல்லை! நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றேன். நான் கேட்டது பணம். ஆண்டவர் கொடுத்தது வாய்.

அடுத்த முறை போனபோது உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். "டாக்டர், அந்த மருந்து எங்களால முடியாது. வேற வழி இருந்தா சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க." குரல் கொஞ்சம் உயர்ந்தும் விட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. பழைய வழி ஒண்ணு இருக்கே."

லித்தியம் என்றார். பல காலமாக இருக்கிற மாத்திரையாம், ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையோடு இதையும் சேர்த்துக் கொடுத்தால் மசியாத நோய் சிலருக்கு மசியுமாம். விலை மலிவு. அரசு மருத்துவமனையில் கேட்டால் இலவசமாகவே கிடைக்கலாம் என்றார். ஆனால் கண்டிப்பும் சொன்னார். உடம்பில் இது குறைந்தால் பயன் இல்லை, கூடினால் விஷம். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், கிட்னியும் தைராய்டும் கவனிக்க வேண்டும், தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும், சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், இவ்வளவு மலிவான மாத்திரை என்னத்தைக் கிழிக்கப் போகிறது என்றுதான் மனசுக்குள் நினைத்தேன்.

கிழித்தது. சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் மிக்ஸி கர்கர் என்று கத்தியது. மூலையில் நின்றிருந்தவர் வந்து, "அத்த இங்க குடு, பேரிங் போயிருக்கும்" என்று என் கையிலிருந்து வாங்கிப் பிரித்துப் போட்டார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கிறிஸ்துமஸுக்கு அவரே ஏணி போட்டு நட்சத்திரம் கட்டினார். பொங்கல் கழிந்ததும் பட்டறைக்குப் போனார். சாயங்காலம் கிரீஸ் வாசனையோடு வந்தார். அந்த வாசனைக்கு நான் எத்தனை நாள் திட்டியிருப்பேன்!

இத்தோடு முடிந்திருந்தால் என் சாட்சி சுலபமாக இருந்திருக்கும். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தது. சாம்பல் புதன் பூசை முடிந்து வரும் வழியில் அவர் சொன்னார், அவங்கப்பா தவக்காலம் முழுக்க உப்பைத் தொட மாட்டாராம், சுகம் கிடைத்ததற்கு நன்றியாகத் தானும் அப்படியே நேர்ந்துகொண்டதாக. எனக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம்கூடச் சொல்ல முடியாமல் இருந்தவர் நேர்ச்சை செய்கிறாரே! சந்தோஷமாக அவருக்குத் தனிப் பானையில் உப்பில்லாமல் சமைத்தேன். டாக்டர் சொன்னது மறந்துவிட்டதா என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது சாப்பாட்டைப் பற்றி, இது நேர்ச்சை. நம் வீடுகளில் நேர்ச்சையை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிறோம்? மாத்திரை வேறு, மாதா வேறு என்று இரண்டையும் தனித்தனி அலமாரியில் வைத்திருக்கிறோம்.

வெயில் ஏறியது. பட்டறைக் கூரை தகரம். வெள்ளிக்கிழமைகளில் தண்ணீரும் குடிக்காமல் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை கோவிலில் சிலுவைப் பாதை ஜெபத்தில் அவர் கையிலிருந்த மெழுகுவர்த்தி ஆடியது. முழந்தாளிட்டு எழும்போது தள்ளாடினார். பின்னால் நின்றவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைத்து ஒதுங்கினார்கள். மறுநாள் காலையில் வாந்தி, பேதி. பேச்சு குழறியது. அந்தப் பாவி நோய்தான் வேறு வேஷத்தில் திரும்பிவிட்டதோ என்று எனக்குக் கைகால் ஓடவில்லை. ஆட்டோ ஓட்டுகிற என் தம்பி ஜெரால்டு வந்து பார்த்துவிட்டு, மாமாவுக்கு வெயில் அடித்திருக்கிறது, மோர் கொடு என்றான். நான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

புது மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டார். இல்லை. சாப்பாட்டில் ஏதாவது மாற்றினீர்களா? இல்லை என்று சொல்லப் போனேன். அப்போது அடுப்பின் மேல் இருந்த அந்தத் தனிப் பானை கண்ணில் பட்டது.

"டாக்டர், உப்பு... உப்பு நேர்ச்சை."

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மாத்திரை குடுக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. லித்தியம் சாப்பிடுறார்னு முதல் வார்த்தையா சொல்லுங்க" என்றார்.

ஜெரால்டின் ஆட்டோவில் சேவியரின் தலை என் மடியில் இருந்தது. கண் சொருகிக்கொண்டு போனது. ஜெபமாலை கையில் இருந்தது, ஜெபம் வாயில் வரவில்லை. ஆண்டவரே விட்டுடாத, விட்டுடாத என்று அது மட்டும்தான் வந்தது. அன்றைக்குப் பேரம் இல்லை, சண்டை இல்லை. சிக்னலில் நின்றபோதெல்லாம் இறங்கி ஓடலாம் போல இருந்தது.

ஆண்டவர் விடவில்லை. உள்ளே போனதும் முதல் வார்த்தையாக லித்தியம் என்றேன். உடனே ரத்தம் எடுத்தார்கள், சலைன் ஏற்றினார்கள். அளவு மிகவும் கூடியிருந்தது. இன்னும் தாமதமாகியிருந்தால் கிட்னியும் போயிருக்கும், ஆளும் போயிருப்பார் என்று பிறகு சொன்னார்கள். உடம்புக்கு உப்பு கிடைக்காவிட்டால் கிட்னி லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். எங்களால் வாங்க முடிந்த ஒரே மருந்தும் போய்விட்டதே என்று நான் இடிந்துபோனேன். அப்படியும் ஆகவில்லை. அளவு இறங்கட்டும், குறைத்து, ரத்தம் பார்த்துப் பார்த்து மறுபடி தொடங்கலாம் என்றார் டாக்டரம்மா.

ஆனால் இவர் அடம் பிடித்தார். கஞ்சியில் உப்பு போட்டேன் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார். நேர்ச்சையை முறித்தால் நோய் திரும்ப வந்துவிடும் என்று பயம். நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பங்குத்தந்தையைக் கூட்டிவந்தேன். ஃபாதர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சேவியர், உன் நேர்ச்சையை நான் மாத்திக் குடுக்குறேன், எனக்கு அந்த அதிகாரம் இருக்கு. உப்பு சாப்பிடு. அதுக்குப் பதிலா, உன்னை மாதிரி வாய் திறக்காம இருக்கிற ஒருத்தர் கூடப் போய் ஆஸ்பத்திரி வரிசையில உக்காரு."

அன்றிலிருந்து அதுதான் அவருடைய நேர்ச்சை. லீவு போட்டுவிட்டு யாரையாவது கூட்டிக்கொண்டு போய் வரிசையில் உட்காருகிறார். மாத்திரை தொடர்கிறது, ரத்தப் பரிசோதனையும் தொடர்கிறது. எல்லாருக்கும் இதே மாத்திரை சரிப்படும் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து போய் வாங்கி விழுங்கிவிடாதீர்கள். நம்பிக்கையோடு கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆண்டவரிடம் கேளுங்கள், அதே வாயால் டாக்டரிடமும் கேளுங்கள், முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். நேர்ந்துகொள்வதற்கு முன்னால் அந்த நேர்ச்சையையும் டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். கேட்கிற வாயைக் கொடுத்தவர் பதிலையும் எங்கோ வைத்திருக்கிறார். என் வீட்டில் வைத்திருந்தார்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். பெரிய வெள்ளிக்கிழமை கோவில் வளாகத்தில் கஞ்சி ஊற்றினார்களே, அங்கே நாங்களும் உட்கார்ந்திருந்தோம். இவர் ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னா பிலோ, கடலாண்ட குடியிருந்துக்கினு உப்புக்கு இன்னா பஞ்சம்?" என்றார்.

நான் எழுந்து ஓடிப்போய் உப்பு வாங்கிவந்தேன்.