எப்பவோ தெரிந்த விஷயம்

பெங்களூர் சிவாஜிநகரில் துணி மூட்டை தூக்குவது என் வேலை. போன வருடம் ஒரு மூட்டையை இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மார்க்கெட் பக்கத்து டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல், "படுத்தே இரு, அசையக் கூடாது" என்றார்.

ஒன்றரை மாதம் படுத்துக் கிடந்தேன். ஜன்னலைத் திறக்க எழுந்தால்கூட மனைவி, "எந்திரிக்காதய்யா, முதுகு போயிடும்" என்று அலறுவாள். கால்கள் குச்சியாகிவிட்டன. மூட்டை தூக்கும் ஆட்களில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா என் காலைத் தூக்கிப் பார்த்தார், விரல்களை அசைக்கச் சொன்னார்.

"யாருங்க உங்களைப் படுக்கச் சொன்னது? இந்த மாதிரி வலிக்கு மெதுவா நடமாடுறவங்கதான் சீக்கிரம் தேறுறாங்க. சிலரைப் படுக்க வச்சும் சிலரை நடக்க வச்சும் ஆராய்ச்சி பண்ணி, எப்பவோ சொல்லிட்டாங்களே."

அந்த 'எப்பவோ' என்னைச் சுட்டது. இவ்வளவு பெரிய பெங்களூரில், எப்பவோ தெரிந்த விஷயம் என் கட்டில் வரைக்கும் வரவில்லை.

எனக்கு யாரையும் எதிர்த்துப் பேச வராது. ஆனால் அன்று மனைவியோடு நேராக மார்க்கெட் டாக்டரிடம் போனேன்.

"சார், எதை வச்சு என்னைப் படுக்கச் சொன்னீங்க?"

"முப்பது வருஷமா எல்லாருக்கும் அதான்ப்பா சொல்றேன்" என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. முப்பது வருடத்தில் எத்தனை பேரைப் படுக்க வைத்தாரோ. வெளியே வந்து ஆட்டோவைக் கூப்பிட்ட மனைவியைத் தடுத்து, மர்பி டவுனில் இருக்கும் வீடு வரை உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தே வந்தேன். இடுப்பு வலித்தது. கோபம் அதைவிட அதிகமாக வலித்தது.