சவுண்டு நின்றது என் பெட்டியால்

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைவிழாக் கமிட்டிச் செயலாளர் பொய் சொல்கிறார். போன சித்திரையில் அம்மன் கொடையின்போது வில்லுப்பாட்டு நடுவில் சவுண்டு நின்றது, பாடிய அம்மாவின் தீட்டால் அல்ல. அது அவருக்கு அன்று சாயங்காலமே தெரியும். நான்தான் போய்ச் சொன்னேன்.

ஆனால் அந்தப் பேச்சு கிளம்பிய நேரத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்காதவளும் நான்தான். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் மைக் செட்டுக் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஆரம்பித்த கடை. அவர் கல்ஃபுக்குப் போன பிறகு மூடிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மூடவில்லை. வாடகைக்குச் செட்டுப் போடுவேன். அதைவிட, பழைய ஸ்பீக்கர் பெட்டிகளை வாங்கிச் சரிசெய்து ஓட்டுவதில்தான் எனக்கு ஆசை அதிகம். கிழிந்த கோனை, அதாவது காகிதக் கூம்பை, அறுத்து எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் பழைய பசையைச் சுரண்டி, காயில் என்கிற கம்பிச்சுருளைப் புதிதாக இறக்கி, கோன் ஒட்டி, அது முதல் தடவை சத்தம் போடும்போது வருகிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

கொடைக்குக் கொஞ்ச நாள் முன்னால் மார்த்தாண்டம் பக்கம் ஒரு சர்ச்சில் புது சிஸ்டம் வைத்துவிட்டு, பழைய பெரிய பெட்டி இரண்டைத் தள்ளிவிட்டார்கள். நான் வாங்கி வந்தேன். பலகையில் கரையான். காயில் இரண்டும் கருகியிருந்தன. அந்தப் பெட்டி எட்டு ஓம்ஸ். நாகர்கோவிலில் தேடினால் அந்த அளவுக்கு நாலு ஓம்ஸ் காயில்தான் கிடைத்தது. சரி, தனி ஆம்ப்ளிஃபயரில் ஓட்டிக்கொள்ளலாம் என்று அதையே போட்டேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த எண் குறையக் குறைய, பெட்டி ஆம்ப்ளிஃபயரிடமிருந்து இழுப்பது கூடும். ஆகவே காயிலை மாற்றினால் பெட்டியின் பின்னால் இருக்கும் தகட்டில் பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை எழுத வேண்டும். இந்தத் தொழிலில் அது பல் தேய்ப்பது மாதிரி. நான் எழுதவில்லை. கறுப்புப் பெயிண்ட் அப்போதுதான் அடித்திருந்தேன். காயட்டும், பிறகு எழுதலாம் என்று விட்டேன். அப்புறம் மறந்தே போனேன்.

கொடையன்று காலையில் இரண்டு நல்ல பெட்டியும் அதற்குச் சரியான ஒரு ஆம்ப்ளிஃபயரும் வைத்துச் செட்டுப் போட்டேன். சரியாக இருந்தது. அதோடு விட்டிருக்க வேண்டும். செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன மக்கா, சத்தம் கொசு கடிச்ச மாதிரி இருக்கு? பக்கத்து ஊர்க்காரன் சோத்த வாயில வைக்கப்பிடாது, கேட்டியா? இதுக்குத்தான் ஆம்பளைக்குக் குடுப்போம்னு கமிட்டில சொன்னானுவ. நான்தான் உனக்குப் பேசினேன்."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. புதுப் பெயிண்ட் அடித்த இரண்டு பெட்டியும் வண்டியிலேயே இருந்தன. ஊருக்குக் காட்ட வேண்டும் என்றுதான் ஏற்றி வந்திருந்தேன். அவற்றுக்கு உரிய ஆம்ப்ளிஃபயர் கடையில் கிடந்தது. போய் எடுத்து வர அலுப்பு. அதே ஆம்ப்ளிஃபயரில் அந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்தேன். கையிலிருந்த மெல்லிசு வயரையே இழுத்தேன். ஒற்றை மாட்டை நாலு வண்டியில் பூட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சத்தம் வந்தது. செயலாளர் தூரத்தில் நின்று கையை உயர்த்திக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வில்லுப்பாட்டுக்கு வந்தவர் அஞ்சுகிராமம் பக்கத்து அம்மா. அறுபதை நெருங்கும் வயது. குழுவுக்கு அவர்தான் தலைவி. மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, என் தொண்டைக்கு மைக்கே வேண்டாம். ஆனா மைக் இல்லாமப் பாடினா பாட்டே நடக்கல்லன்னு சொல்லிருவானுவ. கொஞ்சம் ஒசத்தி வை."

சிரித்துக்கொண்டே உயர்த்தி வைத்தேன்.

நடுப்பகல், உச்சிக்கொடை நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது. கதை, அம்மன் வரம் வாங்கி இறங்குகிற இடத்துக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த இடத்தில்தான் சாமி வரும். பாட்டு ஏற ஏற, உடுக்கு ஏற ஏற, சாமியாடும் கோமரத்தாடி ஆட ஆரம்பிப்பார். பாட்டு அறுந்தால் சாமி அறுந்தது என்று அர்த்தம். கோமரத்தாடியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அந்த அம்மா வீசுகோலால் வில்லை ஓங்கி அடித்துக் குரலை எடுத்தார்.

சத்தம் நின்றது. எல்லாப் பெட்டியும் ஒன்றாகச் செத்தன.

கோமரத்தாடி நடுவில் அப்படியே நின்றுவிட்டார். கூட்டம் முழுவதும் பாட்டுக்காரியைப் பார்த்தது. நான் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன். சிவப்பு லைட் எரிந்தது. தாங்க முடியாத சுமை வந்தால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். பின்னால் கையை விட்டேன். வயர் கொதித்தது. அந்த நிமிஷமே நாலு ஓம்ஸ் ஞாபகம் வந்தது. எழுதாத தகடு ஞாபகம் வந்தது. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"இது என் தப்பு, கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. பொம்பளைக்குச் செட்டுக் கொடுத்தது தப்பு என்று சொல்லப் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அதற்குள் கூட்டத்தில் யாரோ சத்தம் போட்டார்கள்: "பாடுகவ சுத்தமா இருக்காளான்னு கேளுங்கப்பா!"

செயலாளரிடம் நாலைந்து பேர் ஓடினார்கள். அவர் மேடை ஏறி அந்த அம்மாவிடம் குனிந்து ஏதோ கேட்டார். அந்த அம்மாவின் முகம் கறுத்தது. அத்தனை ஆம்பிளைகள் நடுவில் அந்தக் கேள்விக்கு ஒரு பெண் என்ன பதில் சொல்வார்? வீசுகோலை வில்லின்மேல் வைத்துவிட்டு மேடையைவிட்டு இறங்கினார். பூசாரி மஞ்சள் தண்ணீரை மேடை முழுக்கத் தெளித்தார்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து, யாருக்கும் தெரியாமல், அந்த இரண்டு பெட்டியின் வயரையும் உருவினேன். புடவைத் தலைப்பால் ஆம்ப்ளிஃபயருக்கு விசிறினேன். சூடு தணிந்ததும் சுவிட்சைப் போட்டேன்.

சவுண்டு வந்தது. தண்ணீர் தெளித்த கை இன்னும் காயவில்லை. கூட்டம் "ஓ" என்று கத்தியது.

"பாத்தியா! அவ எறங்கின ஒடனே வந்துட்டு!"

செயலாளர் மைக்கைக் கையில் எடுத்தார். சுத்தமில்லாமல் மேடை ஏறியதால் அம்மனே பாட்டை நிறுத்திவிட்டாள், இப்போது குறை தீர்ந்தது, எல்லோரும் அமைதியாக இருங்கள் என்று சொன்னார். நான் சரிசெய்த மைக். என் ஆம்ப்ளிஃபயர். வார்த்தை வார்த்தையாகத் தெளிவாகக் கேட்டது. குழுவிலிருந்த ஆண் ஒருவர் மீதிக் கதையைப் பாடினார். சாமி வந்தது.

சாயங்காலம் செட்டைக் கழற்றும்போது மனசு கேட்காமல் செயலாளரிடம் போனேன்.

"அண்ணாச்சி, தப்பு என்னுது. ஒரு ஆம்ப்ளிஃபயர்ல நாலு பெட்டியக் குடுத்துட்டேன். அதான் கட்டாச்சு. அந்த அக்கா மேல ஒண்ணும் இல்ல."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சவத்த விடுட்டி. சாமி வந்தாச்சு, கொடை நல்லபடியா முடிஞ்சாச்சு. இனி நான் மைக்கப் புடிச்சு, அம்மன் நிறுத்தல்ல, வயருதான் நிறுத்திச்சுன்னு சொல்லணுமா? ஊரு சிரிக்கும். உனக்கும் அடுத்த வருஷம் செட்டு வேண்டாமா?"

எனக்கு வேண்டும் என்றுதான் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

அதன்பிறகு கேள்விப்பட்டேன். அவர் மற்ற ஊர்க் கமிட்டிகளிலும் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். தெரியாமல் சொன்னால் மூடநம்பிக்கை. தெரிந்து சொன்னால் அதற்கு என்ன பெயர்?

மழைக்காலத்தில் ஒரு நாள் அந்த அம்மா என் கடைக்கு வந்தார். கையில் ஒரு பழைய பெட்டி. ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"இதுல சத்தம் கர்ருங்கு. சரியாக்கி, அதுக்குத் தக்க ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் பாத்துக் குடு. இப்பம் கோயில்ல யாரும் கூப்பிடல்ல. பள்ளிக்கூடத்துல, ஆபீஸ் விழாவுலன்னு பாடுகேன். அங்க செட்டு கெடையாது."

பெட்டியைத் திறக்காமலே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு ஓம்ஸ், தகடு, வயர், விசிறியது, எல்லாம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். ஆச்சரியப்படவே இல்லை.

"செவப்பு லைட்ட நான் மேடையில இருந்தே பாத்தேன் ஏட்டி. முப்பது வருஷமா மைக் முன்னால இருக்கேன், எனக்குத் தெரியாதா? இப்பம் சொல்லுவா, இப்பம் சொல்லுவான்னு உன் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். நீ குனிஞ்சிட்டே."

"நீங்க சொல்லியிருக்கலாம்லாக்கா?"

"மைக் அவன் கையிலல்லா இருந்து?"

பிறகு ஒரு மாதிரி சிரித்தார். "தீட்டாம்! எனக்கு அதெல்லாம் நின்னு எத்தன வருஷமாச்சு, தெரியுமாட்டி? பேத்தி கல்யாணத்துக்கு நிக்கா. அத்தன ஆம்பளைக்கு முன்னால இத நான் மேடையில நின்னு சொல்லணுமாக்கும்?"

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. "பெட்டி எப்பம் கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

மறுவாரம் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். சிலர் தலையைக் குனிந்தார்கள். செயலாளர் மட்டும் சிரித்தார். "ஸ்பீக்கர் ஒட்டுகவ சொல்லித்தான் அம்மன் மனசு நமக்குத் தெரியணுமா?" என்றார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. இந்த வருஷம் செட்டு வேறு ஆளுக்குப் போய்விட்டது. போகட்டும். அந்த அம்மாவை மட்டும் இன்னும் எந்த ஊரும் கூப்பிடவில்லை.

அந்த இரண்டு பெட்டியும் இப்போது கடை வாசலில் இருக்கின்றன. பின்னால் "4" என்று வெள்ளைப் பெயிண்டில் உள்ளங்கை அகலத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் ஏன் இவ்வளவு பெரிதாக என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முழுக் கதையையும் சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாயை மூடிக்கொண்டு நின்றது அதைவிட வெட்கம் என்று எனக்கு இப்போது தெரியும்.

செயலாளர் அண்ணாச்சி, உங்கள் பெயரை நான் எழுதவில்லை. படித்தால் உங்களுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். என் தப்பை நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். சித்திரையில் மறுபடியும் கொடை வருகிறது. மேடை இருக்கும், கூட்டம் இருக்கும், மைக் உங்கள் கையில் இருக்கும். அன்று சாயங்காலம் நான் உங்களிடம் சொன்னேனா, இல்லையா? அந்த மைக்கில், அந்த அம்மாவையும் வரவழைத்து உட்காரவைத்து, பதில் சொல்லுங்கள்.