சாப்பாடு ஆறுது

என் தங்கச்சி புருஷனைத் தெருவுல எல்லாரும் காதுத் தச்சன்னுதான் சொல்லுவாங்க. பேர் வெச்ச புண்ணியவதி நான்தான். கல்யாணப் பேச்சு நடந்தப்போ என்ன தொழில்னு கேட்டேன். "ஹெட்போனுக்கு மரத்துல கப் செய்யறேன்"னார். காசு கொட்டி ஹெட்போன் வாங்கறவங்க, காதை மூடற ரெண்டு பிளாஸ்டிக் கிண்ணத்தையும் கழட்டிப் போட்டுட்டு இவர் கடைஞ்ச மரக் கிண்ணத்தை மாட்டிக்குவாங்களாம். மரம் மாறினா சத்தமே மாறுமாம். "ஊர்ல அவனவன் வீட்டுக்குக் கதவு செய்யறான், இவர் காதுக்குக் கதவு செய்யறாராம்"னேன். என் தங்கச்சி விழுந்து விழுந்து சிரிச்சா. அந்தச் சிரிப்புலயே கல்யாணம் முடிவாயிடுச்சு.

நான் கீழ்வீட்டுல துணி தைக்கறவ. அவங்க மாடியில. முன்னறைதான் பட்டறை. மேஜைக்கு இடது பக்கம் சமையலறை, வலது பக்கம் வாசக்கதவு. ஒரே பலகையில பக்கத்துல பக்கத்துல வெட்டின ரெண்டு துண்டை எடுப்பார். கடைசல் மிஷின்ல குடைஞ்சு, உள்ள கம்பளித் துணி ஒட்டி, வெளிய எண்ணெய் தேய்ப்பார். எல்லாம் முடிஞ்சு, போட்டுக் கேட்டு, மனசுக்குப் பிடிச்சாத்தான் சூடு பண்ணின ஊசியால ஒண்ணுல "இ"ன்னும் இன்னொண்ணுல "வ"ன்னும் எழுதுவார். இடது, வலது. அதுவரைக்கும் ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரிதான், எது எதுன்னு தெரியாது.

மத்தவங்க பாட்டைப் போட்டுப் பாப்பாங்க. இவர் கேக்க மாட்டார். "பாட்டு நம்மளை மயக்கிடும்க்கா. தினம் கேட்டுப் பழகின சத்தம்தான் பொய் சொல்லாது"ன்னுவார். ஒரு மத்தியானம் மேஜை மேல ரெக்கார்டரை ஓடவிட்டு வெச்சிருந்தப்போ என் தங்கச்சி சமையலறை வாசல்ல நின்னு கத்தினா: "சாப்பாடு ஆறுது! வர்றீங்களா, இல்ல அந்த மரத்தையே தின்னுடுவீங்களா?" கூடவே கரண்டியைத் தட்டுல போடற சத்தம். எல்லாம் பதிவாயிடுச்சு. சோதிச்சுப் பாக்க அது போதும்னுட்டார். அதுலேர்ந்து எந்த ஹெட்போன் போனாலும் முதல்ல அவ திட்டு வாங்கிட்டுத்தான் போகும். அவளுக்கு அதுல ஏகப்பட்ட பெருமை.

போன மழைக்காலத்துல தலை வலிக்குதுன்னு அந்த வாசக்கதவு வழியா ஆஸ்பத்திரிக்குப் போனா. திரும்பி வரலை.

இந்த மனுஷன் அழலை. காரியம் முடிஞ்ச கையோட மிஷினைப் போட்டுட்டார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சாப்பாடு கொண்டு போறப்பல்லாம் கல்நெஞ்சுன்னு வாய்க்குள்ள திட்டுவேன். ஆனா நியாயத்தைச் சொல்லணும், எனக்கும் ஒரு சொட்டு வந்து தொலையலை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி மொத்தமா மரத்துப்போச்சு. மரத்தோட பொழங்கற மனுஷன் மரத்துப்போறது சரி, துணி தைக்கற எனக்கு என்ன கேடு?

ஒரு நாள் போனா, ஹெட்போன்லேர்ந்து சன்னமா அவ குரல் கசியுது. அதே பதிவு. என்னால தாங்க முடியலை.

"ஏன் தம்பி, செத்தவ குரலை வெச்சுத்தான் இன்னும் தொழில் பண்ணணுமா?"

அவர் நிமிர்ந்தே பாக்கலை. "எனக்கு அவ கேக்கலைக்கா."

"என்ன உளர்றீங்க?"

"சாப்பாடுங்கறதுல 'சா' கூர்மையா இருக்கான்னு கேக்குது. கரண்டி தெளிவா விழுதான்னு கேக்குது. கேட்டுக் கேட்டு அவளைத் தேச்சுட்டேன். அவ குரல்னு இருக்கறது இது ஒண்ணுதான். ஒரே ஒரு தடவை அவளா கேக்கணும். வரமாட்டேங்குது." ஆணி விலை சொல்ற மாதிரி சொன்னார்.

வாங்கி என் காதுல வெச்சேன். அவளேதான். இடது பக்கம், பக்கத்துல நிக்கற மாதிரி. கேட்டும் என் கண்ணு கலங்கலை. "இடது பக்கம் அடைச்சாப்புல இல்லையே?"ன்னு கேட்டார் பாருங்க, கையில இருந்த ஹெட்போனாலயே அவர் மண்டையில போடலாம்னு தோணுச்சு.

அப்புறம் ஒரு நாள் நான் சமையலறையில தட்டு எடுத்து வெச்சுக்கிட்டிருந்தேன். அவர் புதுசா முடிச்ச ஜோடியை, இன்னும் எழுத்துப் போடாததை, காதுல மாட்டினார். திடீர்னு நாற்காலி தள்ளற சத்தம். எட்டிப் பாத்தா மனுஷன் எழுந்து நின்னு வாசக்கதவைப் பாக்கறார். முகமெல்லாம் மலர்ந்துபோயிருக்கு.

"வந்துட்டியா?"ன்னார்.

வாசல்ல யாரும் இல்லை. வெயில்தான் இருந்துச்சு. ஹெட்போனைக் கழட்டி, ஒயர் எந்தப் பக்கம் வருதுன்னு திருப்பிப் பாத்தார்.

"மாத்தி மாட்டிட்டேன்க்கா. இடதை வலதுல." கை வாசலைக் காட்டுச்சு. "வாசப் பக்கத்துலேர்ந்து கூப்பிட்டா. அவளேதான்."

நான் தட்டோட தரையில உக்காந்துட்டேன். அத்தனை மாசம் வராததெல்லாம் அப்போ வந்துச்சு. அடியே, எங்கடி போனேன்னு வாய்விட்டு அழுதேன். அவர் பக்கத்துல வந்து நின்னார், அவ்வளவுதான்.

மறுநாள் நான் போனப்போ அதே ஜோடியை மாத்தித்தான் மாட்டியிருந்தார். கண்ணை மூடி, வாசல் பக்கம் முகத்தை வெச்சு உக்காந்திருந்தார். கேக்கப் பயமா இருந்துச்சு. ஆனாலும் கேட்டேன்.

"என்ன தம்பி, அவ வந்தாளா?"

கழட்டி மேஜையில வெச்சார். "'சா' கொஞ்சம் கூர்மையா இருக்கு"ன்னார்.

உள்ள இன்னொரு துண்டு கம்பளித் துணி ஒட்டினார். ஊசியைச் சூடு பண்ணி ஒண்ணுல "இ", இன்னொண்ணுல "வ" எழுதினார். இனிமே தப்பா மாட்ட வழியில்லை. நான் உள்ள போய்ச் சோத்தைப் போட்டுட்டு, யோசிக்காம, "சாப்பாடு ஆறுது"ன்னு கத்திட்டேன். கத்தின பிறகுதான் நாக்கைக் கடிச்சேன்.

அவர் உடனே எழுந்து வந்து தட்டு முன்னாடி உக்காந்தார். அவ இருந்தவரைக்கும் ஒரு நாளும் கூப்பிட்டவுடனே வந்ததில்லை.