எட்டாவது கணக்கு

வெள்ளிக்கிழமை நாலு மணி ஆனால் என் கை தானாகப் போனைத் தேடும். என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்த வருஷம் அது. கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவில் நடக்கிற சின்னப் பள்ளிக்கூடம். வாரா வாரம் அந்த நேரத்துக்கு வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு செய்திமடல் வந்து விழும். பிள்ளைகள் என்ன படித்தார்கள், எந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், யாருக்குப் பல் விழுந்தது என்றெல்லாம் படத்தோடு இருக்கும். கடைசியில் இரண்டு பெயர்ப்பட்டியல். ஒன்று ‘கணக்கு நட்சத்திரங்கள்’. இன்னொன்று ‘உங்களுக்காகக் காத்திருக்கிறோம்’. வீட்டுக் கணக்குப் பயிற்சித் தாளை அனுப்பாத பிள்ளைகளின் பெயர்கள் இரண்டாவதில் வரும். எல்லாம் ஆங்கிலத்தில், மிக மரியாதையான ஆங்கிலத்தில். மரியாதையாகவே செருப்பால் அடிக்க முடியும் என்று நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். இங்கே தமிழில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

தாள் என்றால் பத்துக் கணக்கு. பிரிண்ட் எடுத்து, பிள்ளை பென்சிலால் போட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குள் படம் பிடித்து மிஸ்ஸுக்கு அனுப்பிவிட வேண்டும். ‘பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், உதவ வேண்டாம்’ என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை எந்த வீட்டிலாவது மதித்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். எங்கள் வீட்டு லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரு வாரம் மகளுக்குக் காய்ச்சல். தாளை அனுப்பவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ‘காத்திருக்கிறோம்’ பட்டியலில் அவள் பெயர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. நான் ஆழ்வார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்கிறவள். அன்றைக்கு யாருடைய கிட்னியையோ டைப் செய்துகொண்டிருந்தபோது போனில் அதைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வகுப்பில் இன்னொரு பிள்ளையின் அம்மா தனியாக மெசேஜ் அனுப்பினாள். ‘எல்லாம் ஓகேதானே? உங்க பொண்ணு பேரைப் பார்த்தேன்.’ அக்கறையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மகளை உட்கார வைத்தேன். கடன் வாங்கிக் கழிக்கிற கணக்குகள். 402-லிருந்து 178 போக வேண்டும். அவள் தாளின் ஓரத்தில் நூறுக்கு ஒரு பெட்டி, பத்துக்கு ஒரு கட்டு, ஒன்றுக்கு ஒரு குச்சி என்று வரைய ஆரம்பித்தாள். பெட்டியைப் பிரித்துக் கட்டாக்குவாள், கட்டைப் பிரித்துக் குச்சியாக்குவாள், ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவாள். மிஸ் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். மணி ஆறேகால் ஆகியும் நாலாவது கணக்கிலேயே நின்றாள். என் கணவர் பக்கத்து அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். “சீக்கிரம் போடுடீ” என்று கத்தினேன். இன்னும் ஒரு குச்சி வரைந்தாள். நறுக்கென்று தொடையில் கிள்ளினேன். சத்தம் போட்டு அழுதிருந்தால்கூட எனக்குப் புத்தி வந்திருக்குமோ என்னவோ. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த குச்சியை வரைந்தாள். பென்சிலைப் பிடுங்கிக்கொண்டேன்.

புதுத் தாள் ஒன்று எடுத்து, இடது கையால் போட்டேன். அவள் நாலு போட்டால் கால் உடைந்த நாற்காலி மாதிரி இருக்கும். எட்டு போடும்போது இரண்டு வட்டத்தை ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார வைப்பாள். எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்தேன். நடுவில் ஓரிடத்தில் அழித்துக்கூட எழுதினேன். ஆறு ஐம்பத்தைந்துக்கு அனுப்பியாகிவிட்டது. ஐந்து நிமிஷத்தில் மிஸ்ஸிடமிருந்து பதில் வந்தது.

‘பத்துக்குப் பத்து! அவளே செய்தாளா?’

அந்தக் கேள்விக்குறியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ‘ஆமாம் மிஸ், அவளேதான் செய்தாள்’ என்று எழுதி, கும்பிடுகிற கை ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் எனக்கு விவரம் வந்துவிட்டது. ஒன்பது கணக்கைச் சரியாகப் போட்டு எட்டாவதை மட்டும் தப்பாகப் போட்டேன். அதுவும் கண்டபடி தப்பில்லை. பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தப்பு. மேலே இரண்டு, கீழே எட்டு இருந்தால் கடன் வாங்காமல் எட்டிலிருந்து இரண்டைக் கழித்து ஆறு என்று போட்டுவிடுவார்கள் இல்லையா, அதே மாதிரி. மிஸ் உருகிப்போனார். ‘அருமையான முயற்சி! எட்டாவதில் மட்டும் கடன் வாங்க மறந்துவிட்டாள், மெதுவாகச் சொல்லிக்கொடுங்கள்’ என்று எழுதினார். கேள்விக்குறி இல்லை. அந்த வெள்ளிக்கிழமை மகள் பெயர் நட்சத்திரப் பட்டியலில் வந்தது. என் கணவர் அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார். ஊரெல்லாம் வாழ்த்துச் சொன்னது. நானும் வெட்கமில்லாமல் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன்.

அப்படியே மாதக்கணக்கில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு மாவு கரைத்து வைத்துவிட்டு நான் தாளோடு உட்காருவேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பென்சில் சீவிக் கொடுப்பாள். ஒருநாள் கேட்டாள்.

“அம்மா, ஏம்மா எட்டாவது மட்டும் தப்பா போடற?”

“எல்லாம் சரியா இருந்தா மிஸ் நம்பமாட்டாங்க.”

“தப்பு போட்டாதான் நம்புவாங்களா?”

“ஆமா. பேசாம இரு, கை கோணிக்கப் போவுது.”

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன். அவள் சீவிய தூளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.

இதற்கு நடுவில் அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிற ஆட்டோக்காரர் ஒருநாள் காலையில் வாசலில் என்னை நிறுத்தினார். “இன்னாம்மா, பாப்பா செம பிரெய்னும்மா. சிக்னல்ல நிக்கிற வண்டி நம்பரெல்லாம் கூட்டிக்கினே வர்து. பெருசுலேந்து சின்னத கழிச்சி சொல்து. நான் போன்ல போட்டுப் பாத்தேன், கரீட்டா கீது.” நான் சிரித்துவிட்டு, “சும்மா அடிச்சுவிடுவாண்ணா” என்றேன். “அட நெஜமாம்மா” என்றார். பெற்றவள் நான் நம்பவில்லை. வண்டி ஓட்டுகிற மனுஷர் நம்பினார். ராயப்பேட்டை நெரிசலில் தினமும் முக்கால் மணி நேரம் அவளை யாரும் கிள்ளவில்லை, அவளும் தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் உறைத்தது.

ஜனவரியில் செய்திமடலில் ஓர் அறிவிப்பு வந்தது. நாலாம் வகுப்பில் கணக்குக்கு இரண்டு குழுவாகப் பிரிக்கப் போகிறார்கள். வேகமாகப் போகிற குழு ஒன்று, கூடுதல் பயிற்சி தேவைப்படுகிற குழு ஒன்று. இரண்டாவதில் விழுந்தால் வருஷம் முழுக்க அதிலேயேதான். பெற்றோர் வருகிற ஒரு சனிக்கிழமை காலை பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கரும்பலகையில் மூன்று கணக்குப் போட வேண்டும், அதையும் வீட்டுத் தாள்களையும் வைத்து மிஸ் முடிவு செய்வார். அந்த அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இடது கையால் நான் கரும்பலகையில் போட முடியாதே. அந்த வாரம் முழுக்க ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளை உட்கார வைத்துத் துளைத்தெடுத்தேன். நான் பக்கத்தில் உட்கார்ந்தாலே அவளுக்கு இரண்டும் எட்டும்கூடக் குழம்பியது.

சனிக்கிழமை வந்தது. குட்டி நாற்காலிகளில் முட்டியை மடக்கிக்கொண்டு பெற்றோர் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். மகள் முறை வந்ததும் நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு குனிந்துவிட்டேன். சாக்பீஸ் சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது முதல் கணக்கு முடிந்திருந்தது. சரி. இரண்டாவதும் சரி. குச்சியும் இல்லை, கட்டும் இல்லை, மனசுக்குள்ளேயே போட்டாள். மூன்றாவது 503-லிருந்து 267. கொஞ்சம் நின்று யோசித்து 236 என்று எழுதினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்கு வருகிறது, எப்போதோ வந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை.

அப்புறம் அவள் திரும்பி என்னைத் தேடினாள். பார்த்தாள். கரும்பலகைப் பக்கம் மறுபடி திரும்பி, உள்ளங்கையால் 236-ஐ அழித்தாள். அந்த இடத்தில் நிதானமாக 364 என்று எழுதினாள்.

ஏழிலிருந்து மூன்று போனால் நாலு, ஆறிலிருந்து பூஜ்யம் போனால் ஆறு, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. நான் வாரா வாரம் போட்டுக் காட்டிய தப்பு, ஒரு பிசகு இல்லாமல் அப்படியே. மிஸ் குனிந்து, “கடன் வாங்க மறந்துட்டியாம்மா?” என்று கேட்டார். மகள் தலையாட்டினாள். மிஸ் என்னைப் பார்த்து, “வீட்டுத் தாள்லயும் இதே தப்புதான் மேடம் வருது. சரியா எழுதினதையே அழிக்கறா பாருங்க, அவளுக்கே நிச்சயமில்ல. பிராக்டிஸ் பண்ணினா சரியாயிடும்” என்றார். எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். “சரி மிஸ்” என்றேன்.

வீட்டுக்குப் போகிற ஆட்டோவில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, தப்பை சரியா போட்டேனா?” என்று கேட்டாள். பாராட்டை எதிர்பார்க்கிற முகம். “ம்” என்றேன்.

வெள்ளிக்கிழமை செய்திமடலில் குழுக்கள் வந்தன. அவள் கூடுதல் பயிற்சிக் குழுவில் இருந்தாள். மிஸ்ஸுக்கு உண்மையை எழுத உட்கார்ந்தேன். ‘மிஸ், அந்தத் தாள்களை எல்லாம்’ என்பது வரைக்கும் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். நட்சத்திரப் பட்டியல் ஞாபகம் வந்தது, ஸ்டேட்டஸ் ஞாபகம் வந்தது, அக்கறையாக விசாரித்த அந்த அம்மாவின் ஞாபகம் வந்தது. என் மானத்தையும் பிள்ளையின் ஒரு வருஷத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து, மானம்தான் பெரிது என்று முடிவு செய்தேன். இதை அலங்காரமாகச் சொல்ல எனக்கு வேறு வழியில்லை. அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆனால் அவளிடம் சொன்னேன். “இனிமே நீயே போடு. எல்லாத்தையும் சரியா போடு. தப்பு போட வேணாம்.”

“மிஸ் நம்புவாங்களா?”

“நம்புவாங்க. சரியா இருந்தா ஏன் நம்பமாட்டாங்க?”

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக உட்கார்ந்தாள். நான் சமையலறை வாசலிலேயே நின்றேன். இருபத்தைந்து நிமிஷத்தில் பத்துக் கணக்கும் முடிந்தது. எட்டாவதை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்தாள். கால் உடைந்த நாலு, உட்கார்ந்திருக்கிற எட்டு, எல்லாம் அவளுடையது. படம் பிடித்து அனுப்பினேன். இருவரும் சோபாவில் சேர்ந்து உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தோம்.

‘பத்துக்குப் பத்து! அவளே செய்தாளா?’

பழைய மெசேஜ்கள் வரை விரலால் தள்ளிக்கொண்டே போனேன். முதல் தடவை வந்த அதே வரி, அதற்குக் கீழே நான் அனுப்பிய பொய். இப்போது சொல்ல வேண்டியதும் அதே வாக்கியம்தான், என்னிடம் வேறு வாக்கியம் இல்லை. ‘ஆமாம் மிஸ், அவளேதான் செய்தாள்’ என்று எழுதினேன். கும்பிடுகிற கையைப் போடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மிஸ் எழுதினார். ‘பரவாயில்லை மேடம். அடுத்த வாரம் அவளையே முயற்சி செய்ய விடுங்கள்.’

மகள் என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். கோபமே இல்லை அவளுக்கு.

“எட்டாவதைத் தப்பா போட்டிருக்கலாம்மா” என்றாள்.