தண்ணீருக்குக் கை தூக்கியவர்கள்

பழுதான மோட்டாரைக் கழற்றியதும் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார் வைண்டிங்காரர். பக்கத்திலேயே மீட்டர் இருக்கும், தொடமாட்டார். மூக்கைச் சுருக்கி, "தண்ணி குடிச்சிருக்கு. சாவல, மயக்கந்தான்," என்பார். செம்புக் கம்பியைச் சுற்ற உட்கார்ந்துவிட்டால் வாயைத் திறக்கமாட்டார். மனசுக்குள் சுற்றை எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணிக்கை தப்பினால் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதனால் சாப்பிட அவர் மனைவிகூட வாய்விட்டுக் கூப்பிடுவதில்லை. தட்டில் கரண்டியால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

கடைக்குப் பின்னறைதான் வீடு. அங்கே கட்டிலில் அவருடைய அண்ணன். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. போன மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது, இவர் அண்ணனை முதுகில் சுமந்துகொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். "மெல்லப் போடா, புதுச்சட்டை நனையுது," என்றாராம் முதுகில் இருந்தவர். அந்த வீட்டில் ஆண்டவன் சிரிப்பை மட்டும் பிடுங்காமல் விட்டிருக்கிறான்.

இப்போது வாய்க்காலுக்குக் கரைச்சுவர் கட்டப் போகிறார்கள். எங்கெங்கே தண்ணீர் ஏறும் என்று கம்ப்யூட்டரில் வெள்ள வரைபடம் ஒன்று செய்வார்களாம். அதில் சிவப்பாகத் தெரிகிற தெருக்களுக்கு மட்டும் சுவராம். படம் செய்யும்போது குடியிருப்பவர்களையும் கேட்க வேண்டும் என்பது விதி. மண்டபத்தில் கூட்டம் போட்டுக் கேட்கத்தான் செய்தார்கள். யாரைக் கேட்பது என்பதை மட்டும் வார்டு உறுப்பினர் முடிவு செய்தார். மண்டபத்து முன்வரிசை முழுக்க அவருடைய மச்சானும் கட்சிக்காரர்களும். வைண்டிங்காரரின் தெருக்கோடியில் அந்த மச்சான் மனை போட்டு விற்கிறார். தெரு சிவப்பானால் எவன் வாங்குவான்?

வைண்டிங்காரரை யாரும் கூப்பிடவில்லை. தானாகப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். படம் செய்கிற பெண் அதிகாரி, வயதில் சின்னவர், திரையில் அந்தத் தெருவைக் காட்டி, "இங்க தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார்.

"இடுப்பு வரைக்கும் வந்துச்சும்மா," என்று இவர் எழுந்தார்.

"உனக்கென்னப்பா, தண்ணி வந்தாத்தானே உன் கடைக்கு மோட்டார் வரும்," என்றார் மச்சான். முன்வரிசை சிரித்தது.

"வரும். அதுலதான் சோறு திங்கிறேன். அதுக்காக எங்கண்ணன் முங்கிச் சாகணுமா?"

வார்டு உறுப்பினர் சமாதானம் செய்கிறவர் மாதிரி எழுந்தார். "எதுக்குச் சண்டை? ஜனநாயகமாப் போவோம். அந்தத் தெருவுல தண்ணி வரலைன்னு சொல்றவங்க கை தூக்குங்க."

முன்வரிசை மொத்தமும் தூக்கியது. அதில் ஒருவர்கூட அந்தத் தெருக்காரர் இல்லை.

"தண்ணிக்கு ஓட்டுப் போடுறீங்களாய்யா?" என்றார் வைண்டிங்காரர்.

"பெரும்பான்மைக் கருத்தைத்தான் சார் படத்துல ஏத்தச் சொல்லியிருக்காங்க," என்றார் அந்தப் பெண், இவர் முகத்தைப் பார்க்காமல். விரலால் ஒரு தட்டு. திரையில் தெரு வெள்ளையானது.

ஆண்டவன் பெய்விக்கிற மழைக்குக் கட்சி கிடையாது. அங்கே இருந்தவர்களுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் தூக்கினார்கள். சாமி கும்பிடவும் இவர்கள் இதே கைகளைத்தானே குவிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வைண்டிங்காரர் மண்டபத்தை விட்டு வெளியே வந்தார்.

வீட்டில் அண்ணன் தூங்காமல் காத்திருந்தார்.

"என்னடா, தண்ணி வருமாமா?"

"வராதாம். கை தூக்கி முடிவு பண்ணிட்டாங்க."

"சரி. அதை யாருடா தண்ணிகிட்டப் போய்ச் சொல்றது?"

வைண்டிங்காரர் சிரிக்கவில்லை. கொல்லைக்குப் போய்ச் செங்கற்களை அள்ளிக்கொண்டு வந்தார். அண்ணன் படுத்திருக்கும்போதே கட்டிலுக்கடியில் குனிந்து தோளைக் கொடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கத்தை மேலே தூக்கி, கட்டில் காலுக்கு அடியில் முதல் கல்லைத் தள்ளினார்.