நாயகியின் மனசு

சரித்திரக் காதல் தொடர்களை நான் மனைவி பெயரில் எழுதுவது உங்களுக்குத் தெரியும். போரும் அரண்மனையும் என் கற்பனை. நாயகியின் மனசை மட்டும் மனைவியைக் கேட்டுத்தான் எழுதுவேன்.

இன்று வில்லியனூர் பஸ்ஸில், திருபுவனை கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள் என் தொடரைப் போனில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தம்மா யாரையோ லவ் பண்ணிட்டு வேற எவனையோ கட்டிக்கினு இருக்கும்டி. இல்லன்னா இப்டி எழுத வராது" என்றாள் ஒருத்தி.

"பாவம், அந்தாளுக்குத் தெரியுமா இன்னா?" என்றாள் மற்றவள்.

அந்தாள் நான்தான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எந்தக் கதைய படிச்சிட்டு அப்டி சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

உள்ளே போய்க் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள், அதற்கு என்ன அர்த்தம்?